எண்களாகப் பிரிந்த வானொலி: பிரிட்டன், 1967

1967 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமையன்று பிபிசியின் லைட் புரோகிராமில் ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ கடைசி முறையாக ஒலிபரப்பானது. 1940 ஜூனில், டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படைகள் மீட்கப்பட்டு மூன்று வாரங்கள்கூட ஆகாத நிலையில், போர்க்காலத் தொழிற்சாலைகளில் ஓய்வின்றி உழைத்தவர்களுக்காகத் தொடங்கிய நிகழ்ச்சி அது. காலையில் அரை மணி, பிற்பகலில் அரை மணி. ஸ்டுடியோவில் ஓர் இசைக்குழு இடைவிடாமல் வாசிக்கும். தொழிற்சாலை ஒலிபெருக்கிகள் வழியே அது இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்கும். சோர்வூட்டும் மெதுவான மெட்டுகளுக்கு இடமில்லை. ‘டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ வந்தால் தொழிலாளர்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தாளம் தட்டத் தொடங்கிவிடுவார்கள் என்று அந்த ஒரு பாட்டையே விலக்கி வைத்திருந்தார்கள். போர் முடிந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் நிகழ்ச்சி நிற்கவில்லை.

மறுநாள் காலை, அது ஒலித்துவந்த லைட் புரோகிராமே இல்லை. ஹோம் சர்வீஸ், லைட் புரோகிராம், தேர்ட் புரோகிராம் என்று பெயர் சொல்லி அழைக்கப்பட்ட மூன்று சேவைகளும் போய், ரேடியோ 1, 2, 3, 4 என்று நான்கு எண்கள் வந்தன. இரண்டு மாதங்களுக்குள் லெஸ்டர், ஷெஃபீல்டு, லிவர்பூல் நகரங்களில் உள்ளூர் நிலையங்கள் திறந்தன. எண்கள் வருவதற்கு ஆறு வாரம் முன்புதான் கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பல் வானொலிகளைச் சட்டம் போட்டு அரசு மூடியிருந்தது. பிரிட்டிஷ் வானொலி வரலாற்றில் இவ்வளவும் ஒன்றுகூடி நடந்த ஆண்டு வேறில்லை.

இந்த ஆண்டின் கதையைப் பெரும்பாலும் பாப் இசையின் கதையாகவே சொல்கிறார்கள். இளைஞர்கள் கேட்டார்கள், கப்பல்கள் கொடுத்தன, அரசு தடுத்தது, கடைசியில் பிபிசியே இறங்கிவந்து ரேடியோ 1ஐத் தொடங்கியது என்பது அந்தக் கதை. தவறான கதை அல்ல. ஆனால் பாதிக் கதை. ஒரு நாட்டு மக்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாக வைத்துப் பேசிய வானொலி, வயதாலும் ரசனையாலும் ஊராலும் பிரிந்த தனித்தனிக் கூட்டங்களிடம் பேசத் தொடங்கிய ஆண்டு இது என்பதே இதில் பெரிய செய்தி என்று நான் கருதுகிறேன். அந்தப் பிரிவினையால் கிடைத்ததும் உண்டு, இழந்ததும் உண்டு. மிகுந்த பயன் தந்தது எது என்று கேட்டால், அன்று யாரும் பொருட்படுத்தாத ஒன்றைத்தான் காட்டுவேன்.

பிபிசியை உருவாக்கிய ஜான் ரீத் ஒரு ஸ்காட்லாந்து பாதிரியாரின் மகன். மக்கள் விரும்புவதைக் கொடுப்பது வானொலியின் வேலை அல்ல, அவர்களுக்கு நல்லதைக் கொடுத்து விரும்பச் செய்வதே வேலை என்பது அவர் உறுதி. ஒரே அலைவரிசையில் நாடகம், சொற்பொழிவு, நடன இசை, தேவாலய வழிபாடு, செய்தி எல்லாம் அடுத்தடுத்து வரும். நடன இசைக்காகப் பெட்டியைத் திறந்தவர் தெரியாமலே ஒரு பீத்தோவனையும் கேட்டுவிடுவார். போருக்குப் பின் தலைமை இயக்குநராக இருந்த வில்லியம் ஹேலி இதைச் சற்று மாற்றி, மூன்று சேவைகளாக வகுத்தார். அவர் மனத்தில் இருந்தது ஒரு பிரமிடு. அடித்தளத்தில் லைட், நடுவில் ஹோம், உச்சியில் தேர்ட். கீழே நுழைகிறவர் ரசனை வளர வளர மேலே ஏறுவார் என்பது நம்பிக்கை.

அப்படி ஏறியவர்கள் குறைவு. தேர்ட் புரோகிராமைக் கேட்டவர்கள் எப்போதும் மிகச் சிலரே. ஆனால் அந்தச் சிலர் குரல் வலிமை உள்ளவர்கள். 1957இல் அதன் நேரத்தை பிபிசி வெட்டியபோது டி. எஸ். எலியட்டும் இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸும் எதிர்ப்பு இயக்கத்தில் முன்னே நின்றார்கள். அதற்குள் தொலைக்காட்சி மாலை நேரத்தை முழுக்க எடுத்துக்கொண்டுவிட்டது. 1967 ஜூலையில் பிபிசி 2 விம்பிள்டன் டென்னிஸை வண்ணத்தில் காட்டத் தொடங்கியதும் வானொலிக்கு மிஞ்சியது காலையும் பகலும்தான். டிரான்சிஸ்டர் வந்த பிறகு பெட்டி வரவேற்பறையை விட்டுச் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் கடற்கரைக்கும் போயிற்று. வீட்டில் எல்லோரும் ஒன்றாகக் கேட்ட காலம் முடிந்து, தனியாகக் கேட்கும் காலம் வந்தது. பிரமிடின் அடித்தளம் அப்போதே கரைந்துவிட்டது. 1967 அதை ஒப்புக்கொண்ட ஆண்டு, அவ்வளவே.

பிபிசியால் ஏன் பாப் பாட்டுகளை விரும்பிய அளவு போட முடியவில்லை? பழமைவாதம் ஒரு காரணம். அதைவிடக் கெட்டியான காரணம் ஒன்று இருந்தது. அதற்கு ‘நீடில் டைம்’ என்று பெயர், அதாவது இசைத்தட்டில் ஊசி ஓடும் நேரம். 1930களின் முற்பகுதியில் பிரிஸ்டல் நகரத்து உணவகம் ஒன்று வாடிக்கையாளர்களுக்காக இசைத்தட்டு போட்டது. கிராமபோன் கம்பெனி வழக்குத் தொடுத்து வென்றது. தட்டை விலை கொடுத்து வாங்கினாலும், பொது இடத்தில் அதை ஒலிக்கச் செய்ய உற்பத்தியாளரின் அனுமதி வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. உடனே இஎம்ஐயும் டெக்காவும் சேர்ந்து ‘ஃபோனோகிராஃபிக் பெர்ஃபாமன்ஸ் லிமிடெட்’ என்ற அமைப்பை ஏற்படுத்தின. இசைத்தட்டை வானொலி ஓயாமல் போட்டால் கடையில் வாங்க ஆள் வராது என்பது கம்பெனிகளின் பயம். இசைத்தட்டு போட்டே பொழுதை ஓட்டினால் வாசிப்பவர்களுக்கு வேலை இருக்காது என்பது இசைக்கலைஞர் சங்கத்தின் பயம். இரு பயங்களும் சேர்ந்து பிபிசியின் கையைக் கட்டின. நாளுக்கு இத்தனை மணி நேரம்தான் தட்டு போடலாம் என்று ஒப்பந்தம். மீதி நேரத்துக்குச் சம்பளம் வாங்கும் இசைக்குழுக்கள் வாசிக்க வேண்டும். அதனால்தான் பீட்டில்ஸ் பாட்டு வேண்டிய பதினாறு வயதுப் பெண்ணுக்கு, அதே மெட்டை நடன இசைக்குழு ஒன்று நாகரிகமாக வாசித்ததுதான் பலமுறை கிடைத்தது.

மாலையானால் ரேடியோ லக்சம்பர்க் இருந்தது. 208 மீட்டரில் ஏறி இறங்கி மங்கும் குரல். அதன் நேரத்தின் பெரும்பகுதியைப் பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் விலைக்கு வாங்கி, தங்கள் தட்டுகளையே போட்டன. லண்டனில் பாடகர்களின் மேலாளராக இருந்த ரோனன் ஓ’ரஹிலி என்ற ஐரிஷ் இளைஞர், ஜார்ஜி ஃபேமின் தட்டை ஒலிபரப்பச் செய்ய இரு இடத்திலும் முயன்று தோற்றார். 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளினில் பிரிட்டிஷ் குண்டுக்கு இறந்த ஓ’ரஹிலியின் பேரன் அவர். அயர்லாந்தில் கிரீனோர் துறைமுகம் தந்தைக்குச் சொந்தம். ஃப்ரெடரிசியா என்ற பழைய டேனிஷ் பயணிகள் கப்பலை வாங்கி, அங்கே வைத்து ஒலிபரப்புக் கோபுரம் எழுப்பினார். 1964 மார்ச் 28, ஈஸ்டர் சனிக்கிழமை, இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால், பிரிட்டனின் சட்டம் எட்டும் மூன்று கடல் மைலுக்கு வெளியே நின்று ரேடியோ கரோலைன் ஒலித்தது. அமெரிக்க அதிபர் கென்னடியின் மகள் படத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று அவரே சொல்லிவந்தார். சில மாதங்களில் போட்டியாளரான ரேடியோ அட்லாண்டாவுடன் இணைந்து, இரண்டு கப்பல்கள் ஆயின. ஃப்ரெடரிசியா ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போய் வடக்கே ஒலிபரப்பியது. அட்லாண்டாவின் கப்பலான மி அமிகோ தெற்கே நின்றது.

அந்த ஆண்டு டிசம்பரில் வந்த ரேடியோ லண்டன் வேறு ரகம். டெக்சஸ் முதலாளிகளின் பணம். அமெரிக்கக் கடற்படையின் பழைய கண்ணிவெடி அகற்றும் கப்பல். டல்லாஸ் நகரத்து நிலையங்களைப் பார்த்துப் பிடித்த பாணி: நாற்பது பாட்டு, அவை திரும்பத் திரும்ப, நடுவில் நிலையத்தின் பெயரைப் பாடும் சின்னஞ்சிறு ஜிங்கிள்கள். அறிவிப்பாளர் எழுதி வைத்ததைப் படிக்கவில்லை. நண்பனிடம் பேசுவதுபோலப் பேசினார். டோனி பிளாக்பர்ன், கென்னி எவரெட், டேவ் கேஷ், ஜான் பீல் எல்லோரும் அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர்கள். நள்ளிரவுக்குப் பின் நிர்வாகத்தின் கண்காணிப்பு தளர்ந்த நேரத்தில் ஜான் பீல் நடத்திய ‘த பெர்ஃப்யூம்டு கார்டன்’ நாற்பது பாட்டு விதியை மீறி, யாரும் கேட்டிராத குழுக்களை அறிமுகப்படுத்தியது.

கப்பல் வானொலிகளை விடுதலைப் போராளிகளாக மட்டும் பார்ப்பது எனக்கு உடன்பாடு அல்ல. அவை வியாபாரம். அமெரிக்க மதப் பிரசங்கிகளின் காசு அவற்றின் வருமானத்தில் கணிசமாக இருந்தது. கரோலைனின் கடைசிக் காலத்தில் அதன் இயக்குநர்களில் ஒருவராக இருந்த பிலிப் சாலமனின் ‘மேஜர் மைனர்’ கம்பெனித் தட்டுகள் ஓயாமல் ஒலித்தன. லக்சம்பர்க்கிடம் எதை எதிர்த்துக் கப்பல் ஏறினார்களோ அதையே அவர்களும் செய்தார்கள். தேம்ஸ் முகத்துவாரத்தில் போர்க்காலத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் நின்ற பழைய இரும்புக் கோட்டைகளிலும் நிலையங்கள் முளைத்தன. அவற்றில் ஒன்றான ரேடியோ சிட்டியில் சண்டை உயிர்ப்பலியில் முடிந்தது. 1966 ஜூனில், ஒலிபரப்புக் கருவி யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் அதற்கு உரிமை கோரிய ஆலிவர் ஸ்மெட்லி அனுப்பிய ஆட்கள் கோட்டையைக் கைப்பற்றினார்கள். கேட்கப்போன உரிமையாளர் ரெஜினால்டு கால்வர்ட் ஸ்மெட்லியின் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தற்காப்புக்காகச் சுட்டதாக ஏற்று ஸ்மெட்லியை நடுவர் குழு விடுவித்தது.

அரசுக்கு இது வாய்ப்பாக அமைந்தது. ஹரால்டு வில்சனின் தொழிற்கட்சி அரசு அதுவரை தயங்கியதற்குக் காரணம் உண்டு. மிகச் சிறிய பெரும்பான்மையில் 1964இல் ஆட்சிக்கு வந்த அரசு, லட்சக்கணக்கானோர் காலையில் எழுந்ததும் கேட்கும் ஒன்றை மூட விரும்பாது. 1966 மார்ச் தேர்தலில் பெரும்பான்மை பெருகியது, ஜூனில் கால்வர்ட்டின் சாவு. அந்தக் கோடையிலேயே மசோதா வந்தது. ஒலிபரப்பைக் கவனித்த அமைச்சர் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். முதலில் டோனி பென், பிறகு எட்வர்டு ஷார்ட். 1948 கோபன்ஹேகன் ஒப்பந்தப்படி ஐரோப்பிய நாடுகளுக்குப் பங்கிட்ட அலைவரிசைகளைக் கப்பல்கள் திருடுகின்றன, ஆபத்துக்காலக் கடல் தொடர்புகளுக்கு இடையூறு வரும், இசையமைப்பாளர்களுக்கு உரிய பங்கு போகவில்லை என்பவை அரசு சொன்ன காரணங்கள். அவற்றில் உண்மை இருந்தது. கடலிலிருந்து ஒலிபரப்புவதைத் தடுக்க 1965 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய உடன்பாடும் உருவாகியிருந்தது. ஆனால் மக்கள் கேட்டதற்கு அரசிடம் பதில் இல்லை: மூடுங்கள், சரி, அந்த இசை நிலத்திலிருந்து எப்போது வரும்? 1966 டிசம்பர் வெள்ளை அறிக்கை தந்த பதில், பிபிசி பார்த்துக்கொள்ளும் என்பது. தனியார் நிலையம் நடத்த உரிமம் கொடுக்கும் யோசனையைத் தொழிற்கட்சி அன்று ஏற்கவில்லை.

சட்டத்தின் நுட்பம் கவனிக்கத் தக்கது. கப்பல் சர்வதேசக் கடலில் நிற்கிறது. அதைத் தொட முடியாது. ஆகவே கரையிலிருந்து அதற்குப் போகும் எல்லாவற்றையும் வெட்டினார்கள். பிரிட்டிஷ் குடிமக்கள் அதில் வேலை செய்வது, உணவும் எரிபொருளும் கொண்டுபோவது, விளம்பரம் கொடுப்பது எல்லாம் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. 1967 ஜூலை 14இல் அரச ஒப்புதல் கிடைத்தது, ஒரு மாதம் கழித்து நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது. ஐல் ஆஃப் மேன் தீவுக்குத் தனி நாடாளுமன்றம், உலகின் பழமையான சட்டமன்றங்களில் ஒன்றான டின்வால்டு. அது இந்தச் சட்டத்தை ஏற்க மறுத்தது. அந்தத் தீவில் 1964 முதலே உரிமம் பெற்ற விளம்பர வானொலி இயங்கிவந்தது. விளம்பர வானொலியால் நாடு கெடும் என்ற வாதம் அவர்களிடம் எடுபடவில்லை. லண்டன் அரசாணை மூலம் சட்டத்தை அவர்கள் மீது திணித்தது. செப்டம்பர் 1 முதல் அங்கும் அது செல்லும் என்றாயிற்று. பாப் பாட்டுக்காக ஒரு தீவின் சட்டமன்ற உரிமையை மீறியதை வில்சன் அரசின் மிகை என்றே சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 14 பிற்பகல் மூன்று மணிக்கு ரேடியோ லண்டன் தானாகவே மூடிக்கொண்டது. கடைசியாகப் போட்ட பாட்டு பீட்டில்ஸின் ‘எ டே இன் த லைஃப்’. அதன் தேர்வில் ஒரு கணக்குத் தீர்ப்பு இருந்தது. அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘சார்ஜன்ட் பெப்பர்’ இசைத்தட்டை வெளிவருமுன்பே மே மாதத்தில் ஒலிபரப்பியது ரேடியோ லண்டன். அதே மாதத்தில், போதைப்பொருளைச் சுட்டுவதாகச் சொல்லி அந்தப் பாட்டைத் தடைசெய்தது பிபிசி. அன்று மாலை அறிவிப்பாளர்கள் ரயிலில் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு வந்து இறங்கியபோது பெருங்கூட்டம் காத்திருந்தது. கரோலைன் மட்டும் பணியவில்லை. நள்ளிரவு தாண்டியும் அதன் அறிவிப்பாளர்கள் ஜானி வாக்கரும் ராபி டேலும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் விளம்பரம் வற்றியது. 1968 மார்ச் 3 அன்று, கட்டணம் பாக்கி என்று இரு கப்பல்களையும் டச்சு இழுவைக் கம்பெனி இழுத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் போயிற்று.

செப்டம்பர் 30 காலை ஏழு மணி. ஐந்தரை மணிக்கே ரேடியோ 2 தொடங்கிவிட்டது. இப்போது 247 மீட்டரில் ரேடியோ 1 பிரிந்தது. டோனி பிளாக்பர்ன் பேச, ‘த மூவ்’ குழுவின் ‘ஃப்ளவர்ஸ் இன் த ரெயின்’ ஒலித்தது. பிளாக்பர்ன் கப்பல்களிலிருந்து வந்தவர். ஜிங்கிள்களும் ரேடியோ லண்டனுக்குப் பாடிக்கொடுத்த அதே டல்லாஸ் கம்பெனியிடம் வாங்கியவை. அதுவரை பிபிசியில் அறிவிப்பாளர் ஒரு பக்கம், தட்டு போடும் தொழில்நுட்பர் கண்ணாடிக்கு மறுபக்கம். புதிய ஸ்டுடியோவில் அறிவிப்பாளரே தட்டைப் போட்டு, ஒலியைக் கூட்டிக் குறைத்து, பேசினார். அந்த முதல் பாட்டின் பின்னால் ஒரு வழக்கும் இருந்தது. பாட்டை விளம்பரப்படுத்தக் குழுவின் மேலாளர் வில்சனைக் கேவலப்படுத்தும் கேலிச்சித்திர அஞ்சலட்டை அச்சிட்டார். பிரதமர் வழக்குத் தொடுத்தார். பாட்டின் உரிமைத்தொகை முழுதும் வில்சன் குறிப்பிடும் அறக்கட்டளைகளுக்குப் போக வேண்டும் என்று முடிவானது. எழுதிய ராய் வுட்டுக்கு அதிலிருந்து ஒரு பைசா வரவில்லை. அட்டை அச்சிட்டதில் பங்கில்லாத கலைஞனுக்கு இது பெரிய அநீதி.

ரேடியோ 1 முழு நிலையம் அல்ல. அதற்கும் ரேடியோ 2க்கும் கட்டுப்பாட்டாளர் ஒருவரே, ராபின் ஸ்காட். நாளில் பல மணி நேரம் இரண்டிலும் ஒரே நிகழ்ச்சி. ஜிம்மி யங் பாட்டுக்கு நடுவில் சமையல் குறிப்பு சொல்வார். நீடில் டைமைச் சற்றுக் கூட்டிக் கொடுத்தார்கள், ஆனால் எடுக்கவில்லை. தேவாலயப் படிக்கட்டில் நிறுத்தி எடுத்த முதல் அணியின் புகைப்படத்தில் எல்லோரும் ஆண்கள். பாட்டு கேட்டவர்களில் பாதிப் பேர் பெண்கள்; பெண் அறிவிப்பாளர் ஒருவர், ஆனி நைட்டிங்கேல், 1970இல்தான் வந்தார், அதன் பிறகும் ஒரு டசன் ஆண்டுகள் அவர் மட்டுமே. கப்பல்களை அடக்கி அவற்றின் பாணியை எடுத்துக்கொண்ட நிலையம், புதியது செய்ய வேண்டிய இடத்தில் தயங்கியது.

புதியது வந்தது எதிர்பாராத மூலையிலிருந்து. தட்டு போட முடியாத நேரத்தை நிரப்ப வேண்டும் என்ற நெருக்கடியால் குழுக்களை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் பதிவு செய்தார்கள். அக்டோபர் 1இல் தொடங்கிய ‘டாப் கியர்’ நிகழ்ச்சிக்குப் பிங்க் ஃப்ளாய்டு வந்து வாசித்தது. அதே மாதம் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வந்தார். விரைவில் அந்த நிகழ்ச்சி ஜான் பீலின் கைக்குப் போனது. ஒரு நாள், மூன்று நான்கு பாட்டு, அதிகம் மெருகூட்ட நேரம் இல்லை. தட்டில் கேட்டதையே வாசிக்காமல் புதிதாக வாசிக்கவே குழுக்கள் விரும்பின. 2004இல் பீல் இறக்கும் வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்கள், நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். இசைக்கலைஞர் சங்கம் தன் உறுப்பினர்களின் வேலைக்காகப் போட்ட கட்டுப்பாடு, பிரிட்டிஷ் ராக் இசையின் மிகப் பெரிய ஆவணக் காப்பகத்தை உருவாக்கியது. அந்தச் சங்கத்தைப் பிற்போக்கு என்று பழித்தவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ரேடியோ 3 பெயரில் மட்டுமே ஒரு நிலையம். பகலில் இசை, மாலையில் பழைய தேர்ட் புரோகிராம், சனிக்கிழமை கிரிக்கெட்டும் கால்பந்தும். 1957இன் சூடு நினைவில் இருந்ததால் ‘தேர்ட்’ என்ற பெயரை 1970 வரை விட்டுவைத்தார்கள். ரேடியோ 4இல் மாற்றம் குறைவு. அந்த எண்ணைப் பெற்ற ஹோம் சர்வீஸ் செய்தி பக்கம் சாய்ந்துகொண்டே போனது. டிசம்பர் 22 அன்று அதில் நிக்கோலஸ் பார்சன்ஸ் நடத்திய ‘ஜஸ்ட் எ மினிட்’ முதல்முறை ஒலித்தது: தயங்காமல், சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல், விலகாமல் ஒரு நிமிடம் பேச வேண்டும். சில மனிதர்களும் ஒரு மேசையும் போதுமான அந்த விளையாட்டு இன்றும் நடக்கிறது.

1967இன் எல்லா மாற்றங்களிலும் மிகக் குறைந்த பேர் கேட்டது உள்ளூர் வானொலி. போர்க்களச் செய்தியாளராகப் பெயர் பெற்று, பின்னாளில் வானொலிப் பிரிவின் இயக்குநரான ஃபிராங்க் கில்லார்டு 1954இல் அமெரிக்காவில் சிறு நகர நிலையங்களைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே பேசும் வானொலி அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1961-62இல் கம்பிவழிச் சோதனைகள் செய்து பார்த்தார்கள். ஒலிபரப்பை ஆராய அரசு அமைத்த பில்கிங்டன் குழு 1962இல் இதைப் பரிந்துரைத்தது. சில ஆண்டுகள் கழித்து அரசு சோதனைக்கு மட்டும் அனுமதித்தது, பணம் கொடுக்கவில்லை. நகராட்சிகளே செலவில் பங்கேற்க வேண்டும். நவம்பர் 8இல் லெஸ்டர், 15இல் ஷெஃபீல்டு, 22இல் லிவர்பூலின் மெர்சிசைடு நிலையம். ஒலிபரப்பு விஎச்எஃப்பில் மட்டுமே, அதாவது நாம் இன்று பண்பலை என்பது. அன்றைய சட்டைப்பை டிரான்சிஸ்டர்களில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. கப்பல்களை மூடி ரேடியோ 1க்கு மத்திய அலை ஒதுக்கிய அரசுக்கு, லெஸ்டருக்கு ஒதுக்க மனம் வரவில்லை. 1970களின் தொடக்கத்தில்தான் மத்திய அலை கிடைத்தது.

ஆனாலும் அது வேர்விட்டது. கில்லார்டின் நோக்கம் ரீத்தின் நோக்கத்துக்கு நேர் எதிர் அல்ல. அதன் தொடர்ச்சி என்று நான் படிக்கிறேன். ரேடியோ 1, 2, 3, 4 ரசனையால் மக்களைப் பிரித்தன. உள்ளூர் வானொலி ஒரே ஊரில் வாழும் பல ரசனைக்காரர்களை மறுபடி ஒன்றாக உட்கார வைத்தது: பேருந்துக் கட்டணம், நகராட்சிக் கூட்டம், பள்ளி விடுமுறை, கால்பந்துக் குழு. இதன் முழுப் பொருள் லெஸ்டரில்தான் வெளிப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும், 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து விரட்டியபோதும், ஆயிரக்கணக்கான இந்திய வம்சாவளியினர் அந்த நகருக்கு வந்தார்கள். இங்கே இடமில்லை, வராதீர்கள் என்று லெஸ்டர் நகராட்சி உகாண்டா பத்திரிகையில் விளம்பரமே கொடுத்திருந்தது. அதே நகரின் வானொலி 1976இல் அவர்களுக்காக நாள்தோறும் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. லண்டனில் உட்கார்ந்து நான்கு எண்களாகத் திட்டமிட்ட யாருக்கும் இப்படி ஒரு கூட்டம் இருப்பது கண்ணில் பட்டிருக்காது. அதே தெருவில் இருந்தவர்களுக்குப் பட்டது. அந்தச் சிறு நிகழ்ச்சி வளர்ந்துதான் 2002இல் நாடு முழுதும் கேட்கும் பிபிசி ஏஷியன் நெட்வொர்க் ஆனது.

பிரிட்டிஷ் நிலப்பரப்பில் தனியார் வானொலிக்கு 1972 சட்டம் வழிவிட்டது. 1973 அக்டோபரில் லண்டனில் எல்பிசியும் கேப்பிட்டலும் தொடங்கின. நீடில் டைம் 1980களின் இறுதியில் ஒழிந்தது. சட்டத்தால் துரத்தப்பட்ட ரேடியோ கரோலைன் இன்று உரிமம் பெற்று, முன்பு பிபிசி உலக சேவை பயன்படுத்திய 648 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிக்கிறது. 1967இல் போட்ட சண்டைகளில் பெரும்பாலானவை இப்படித் தீர்ந்துவிட்டன.

தீராதது ஒன்று. 2022 அக்டோபரில் பிபிசி, இங்கிலாந்தின் 39 உள்ளூர் நிலையங்களும் வார நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு பக்கத்து நிலையங்களோடு நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ளும் என்று அறிவித்தது. பணத்தை இணையத்துக்குத் திருப்ப வேண்டும் என்பது காரணம். 2023இல் செய்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் முடிவு மாறவில்லை. பாப் பாட்டுக்கு இன்று ஆயிரம் வழிகள் உண்டு. ரேடியோ 1 நாளையே மூடினாலும் அது கிடைக்கும். ஒரு நகரம் தன் குரலில் தன்னோடு பேசிக்கொள்ள வேறு வழி அதிகம் இல்லை, உள்ளூர்ச் செய்தித்தாள்கள் ஒவ்வொன்றாக மூடும் இந்தக் காலத்தில் இன்னும் குறைவு. 1967இல் பிபிசி எடுத்த முடிவுகளில் காப்பாற்றியே தீர வேண்டியது இதுதான். உரிமக் கட்டணம் செலுத்தும் மக்கள் அந்தப் பிற்பகல் நேரத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். பிபிசி அதைக் கொடுக்கவும் வேண்டும்.